பெரிய வெள்ளிக்கு ஒரு குரல்பதிவு

பங்குனி வெயிலில் நெடுந்தீவுக் கடல் அசையாது. வாடை ஓய்ந்திருக்கும். சோளகக் காற்று இன்னும் பிடித்திராது. படகு நிற்கிறதா போகிறதா என்று தெரியாது. தூரத்து வெட்டைவெளியில் குதிரைகள் மேயும். வெக்கை எழும்பி அவற்றின் கால்களை அழித்துவிடும். உடம்பு மட்டும் மிதந்துகொண்டு போகும்.

அப்படி ஒரு காலை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு இடையில் போகும் ஒழுங்கையால் வந்தேன். ஒரு வீட்டுக் குசினிக்குள் ஓர் ஆள் கதைத்தது கேட்டது. கேட்ட குரல். ஆரென்று பிடிபடவில்லை. அடுத்த வீட்டைக் கடக்கும்போது அதே ஆள் அங்கேயும் இருந்து கதைத்தார். முருகைக்கல் மதிலுக்கு அங்கால் மூன்றாவது வீட்டில் இன்னும் தொடங்கவில்லை. நான் அந்தப் படலையடிக்கு வரவும் அங்கேயும் தொடங்கியது.

அது நான்தான்.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு வந்தவன். கடலில் கதை தேவைப்படாது. என் குரல் எனக்கு முன்னே வீடு வீடாகப் போய் இருந்தது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

அது என் மனைவியின் நேர்த்திக்கடனில் தொடங்கியது.

பல வருடங்களுக்கு முன், பெரிய கிழமையில், என் படகின் என்ஜின் நின்றது. புதன் பின்னேரம் போனவன் வியாழன் விடியத் திரும்பியிருக்க வேண்டும். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. பெரிய வெள்ளிக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. அதனால் என்னைக் காண ஆளில்லை. கடல் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. சனம் போன பிறகு கோயில் இருக்கிற மாதிரி இருந்தது. நான் படுத்துக் கிடந்து வானத்தைப் பார்த்தேன். படகு வானத்தில் போவது போலவும் பட்டது.

அன்று என் மனைவி கோயிலில் இருந்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பெரிய வெள்ளி பின்னேரம் ஆண்டவரின் சொரூபத்தை ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, ஊர் சுற்றிச் சுமந்துவந்து, கோயிலுக்குள் இறக்குவார்கள். அந்த நேரம்தான் நயினாதீவுப் படகு ஒன்று என்னைக் கண்டது. சைவ ஆட்கள். அவர்களுக்கு அது மற்ற வெள்ளி மாதிரி ஒரு வெள்ளி.

இரண்டும் ஒரே நேரம் என்று அவள் பிறகு கேட்டு அறிந்துகொண்டாள். அன்றே நேர்த்தி வைத்தாள். உயிருள்ளவரை பெரிய வெள்ளிக்கு ஆசந்தி திரும்பி வந்து இறங்கும்வரை வாயில் ஒன்றும் படாது. மற்றவர்களுக்கு ஒருசந்தி விரதம் என்றால் ஒருநேரச் சாப்பாடு உண்டு. அவளுக்கு அந்த ஒருநேரமும் இல்லை.

அப்போது அவள் இளம் ஆள். தாங்கினாள். பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது.

சீனி வருத்தத்துக்குக் குளிசை கொடுத்தார்கள். ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். அவள் விடவில்லை. பெரிய வெள்ளிக்கும் விடவில்லை. குளிசை சாப்பாடு இல்லை என்பது அவள் எண்ணம். விடிய எழும்பி, சிலுவை போட்டு, குளிசையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் கோயிலுக்குப் போவாள். டொக்டர் சொன்னதையும் கேட்டாள், ஆண்டவருக்குச் சொன்னதையும் காத்தாள். அவளைப் போல இன்னும் சில பெண்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தார்கள். அதில் பிழை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் அது தெரிந்தது.

ஆசந்தி பாதை வளைவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் காவுகிற ஆட்களோடு முன்னுக்கு நின்றேன். பின்னுக்குப் பாட்டு ஓரிடத்தில் குறைந்தது. திரும்பினேன். மதிலோடு சாய்ந்து அவள் இருந்தாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "வள்ளம் வந்திட்டுதோ?" என்றாள். அவள் கண் என்னில் நிற்கவில்லை.

ஒரு பெண் சீனித் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். இன்னொருத்தி மறித்தாள்.

"சீனி வருத்தக்காரிக்குச் சீனி குடுக்கிறதோ? உமக்கென்ன விசரோ?"

"அப்ப என்னத்தைக் குடுக்கிறது?"

"ஒண்டும் குடாதையும். போனிலை வந்த படம் பாக்கேல்லையோ? சீனிக்குச் சிவப்புக் கோடு போட்டெல்லோ கிடந்தது."

எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்திருந்தேன். சீனிக் கரண்டிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. அதனால் விசிறினார்கள், செபம் சொன்னார்கள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனேன். பாதை குலுக்கியது. அவள் தலை என் மடியில் கிடந்தது. அவளுக்குப் பாரமே இல்லாதது போல இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"ஆசந்தி இறங்கிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அது இறங்கியதோ இல்லையோ எனக்குத் தெரியாது.

இந்த வருடம் தவக்காலம் தொடங்க, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் குரூப்பில் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள், பாரிஸிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். படத்தில் ஒரு குடும்பம் மேசையில் இருந்தது. பேரீச்சம்பழம் இருந்தது. மேலே பிறை இருந்தது. நோன்பு காலத்தில் ஆரோக்கியமாக இருப்போம் என்று எழுதியிருந்தது. இம்முறை முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. சுகாதாரப் பகுதியில் யாரோ மாறிப் போட்டிருக்க வேண்டும். பாரிஸில் இருந்து ஒருவர், "எங்கட பங்குச் சுவாமிக்குத் தெரியுமோ?" என்று கேட்டுச் சிரிக்கிற முகங்கள் போட்டார். அதோடு அந்தப் படத்தை எல்லாரும் மறந்தார்கள்.

மறக்காத ஆள் கிளினிக் நேர்ஸ். எங்களுக்கு அவர் மிஸ்.

அவர் வேலணைப் பக்கத்துப் பிள்ளை. சைவம். கிளினிக் நாளில் படகில் வருவார். கடல் அவருக்கு ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் சத்தி எடுத்து முகம் வெளுத்துத்தான் இறங்குவார். ஆனாலும் வருவார். அன்று கிளினிக் முடிய எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் விறாந்தைக் கதிரையில் இருந்தார். மனைவி பிளேன்டீ கொடுத்தாள்.

"அந்தப் படம் மாறி வந்திட்டுது அண்ணை" என்றார். "அதை விடுங்கோ. போன வருசம் அக்கா விழுந்ததை நான் கேள்விப்பட்டனான். நீங்கள் என்ன செய்யிறனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. விடியத் தொடங்கிச் சொல்லுங்கோ அக்கா."

மனைவி சொன்னாள். குளிசையில் இருந்து ஆசந்தி வரை சொன்னாள். மிஸ் குறுக்கே பேசவில்லை. குளிசை வந்த இடத்தில் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் குளிசை உள்ளுக்குப் போனா சீனியைக் குறைக்கத்தான் பாக்கும் அக்கா. சாப்பாடு இல்லாட்டி அது எதைக் குறைக்கும்? உங்களைத்தான் குறைக்கும்."

"அப்ப ஒருசந்தியை விடச் சொல்லுறீரோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சுவாமியும் சொல்லிப் பாத்தவர். வருத்தக்காரர் ஒருசந்தி இருக்கத் தேவையில்லையாம். அது கடமைக்கு. இது என்ர நேர்த்தி. சுவாமி அவிழ்க்க ஏலாது."

"ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

மனைவி என்னைக் காட்டவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் கடல் பக்கம் பார்த்தேன்.

"அப்ப அண்ணைதான் சொல்ல வேணும்" என்றார் மிஸ்.

"நான் சொன்னா கேக்கமாட்டா."

"அவவுக்குச் சொல்ல வேண்டாம். ஊருக்குச் சொல்லுங்கோ. நான் படம் போட்டா சிரிக்கினம். சுவாமி சொன்னா கடமை எண்டினம். உங்கட குரலிலை ஒரு வொய்ஸ் போடுவம். அக்காவைப் போல வேறை ஆக்களும் இருக்கினம் எல்லே."

என்னென்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னார். குளிசை எடுக்கிற ஆட்கள் பெரிய கிழமைக்கு முன் கிளினிக்குக்கு வரவேண்டும். ஒருசந்தி நாளில் குளிசையை என்ன செய்வதென்று டொக்டர் ஒவ்வொருவருக்கும் வேறாகச் சொல்லுவார். நடுங்கினால், வேர்த்தால், தலை சுற்றினால் உடனே சீனி. சீனி வருத்தக்காரருக்கும் சீனி. நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆசுப்பத்திரி.

"இதை உங்கட கதையிலை சொல்லுங்கோ. வாசிக்கிற மாதிரி வேண்டாம்."

எங்கள் வீட்டில் சிக்னல் பிடிக்காது. படகு இழுத்து வைக்கிற கரையில் பிடிக்கும். மிஸ்ஸின் படகு வெளிக்கிட நேரம் இருந்தது. போனை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் பதிவில் கடல் மட்டும்தான் விழுந்தது. இரண்டாவதில் ஒரு காகமும் விழுந்தது.

என்னோடு தொழில் செய்கிற ஆள் வலைக்குள் இருந்து தலையைத் தூக்கினார்.

"மிஸ், இவன் கல்யாணத்திலையும் இப்பிடித்தான். சுவாமி மூண்டு தரம் கேட்டவர், சம்மதமோ எண்டு."

"சொன்னவரோ?"

"தலையை ஆட்டினவன். சுவாமிக்கும் அலுத்துப்போச்சு, ஓம் எண்டு எடுத்துக்கொண்டார்."

மிஸ் சிரித்தார். எனக்கும் வாய் கொஞ்சம் இளகியது. கடலில் வெயில் விழுந்து வெள்ளையாய்க் கிடந்தது. அந்த நாள் மாதிரியே கிடந்தது. படகும் இல்லை, கரையும் இல்லை, வெள்ளை மட்டும். நான் அங்கே கிடப்பது எனக்குத் தெரிந்தது. அங்கிருந்துதான் கதைத்தேன்.

நான் சொன்னது இவ்வளவும்தான்.

"என்ர என்ஜின் நிண்டு நான் அலைஞ்ச கதை உங்களுக்குத் தெரியும். அண்டைக்குப் பெரிய வெள்ளி. இஞ்ச வீட்டிலை ஒருசந்தி. எனக்காண்டி. அங்க என்னட்டைத் தண்ணி கொஞ்சம் கிடந்தது. பிளேன்டீக்குக் கடிக்க வீட்டிலை வைச்சுவிட்ட பனங்கட்டி ஒண்டும் கிடந்தது. கை நடுங்கேக்கை அதை நக்கிப்போட்டுத் தண்ணி குடிச்சனான். அதாலை கண் திறந்து கிடந்தனான். கண் திறந்து கிடந்தபடியாத்தான் நயினாதீவுப் படகு வரேக்கை கையைக் காட்டினனான். நேர்த்தியும் காப்பாத்தினது. பனங்கட்டியும் காப்பாத்தினது. ரெண்டும் ஒரு கையாலை வந்தது. குளிசை எடுக்கிற ஆக்கள் முதல் கிளினிக்குக்குப் போங்கோ. குளிசையை என்ன செய்யிறதெண்டு கேளுங்கோ. பெரிய வெள்ளிக்குக் கை நடுங்கினா, வேர்த்தா, இனிப்புத் தண்ணி குடியுங்கோ. சீனி வருத்தக்காரரும் குடிக்க வேணும். நினைவு தப்பின ஆளுக்கு ஒண்டும் பருக்காதையுங்கோ, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வேறை ஒண்டுமில்லை."

மிஸ் போனை இறக்கினார். வலைக்குள் இருந்த ஆள் எழும்பி வந்தார். "பனங்கட்டிக் கதை எனக்கே சொல்லேல்லையடா" என்றார்.

"நீர் கேக்கேல்லை" என்றேன்.

ஒருவரும் கேட்கவில்லை. கரைக்கு வந்த நாளில் எல்லாரும் கேட்டது நயினாதீவுப் படகு கண்ட நேரத்தைத்தான்.

மிஸ் அதைக் குரூப்பில் போட்டார். படகில் ஏறிச் சத்தி எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் அந்தக் காலை. வீடு வீடாக என் குரல். கனவில் நம்மை நாமே தூர நின்று பார்ப்பது உண்டு. அது அப்படி இருந்தது. குரல் பாரிஸுக்குப் போய்த் திரும்பி வந்தது. கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. வெளியில் இருக்கிறவர்கள் தங்கள் தாய்மாருக்குத் தனித்தனியாக அனுப்பினார்கள். ஒரு வீட்டில் என் குரல் முடிய, பின்னால் அந்த வீட்டு மகன் பாரிஸில் இருந்து, "அம்மா, கேட்டனீங்களோ? கிளினிக்குக்குப் போங்கோ" என்றான். கடை வாசலில் ஒரு கிழவர் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். போனையும் பார்த்தார். "அதுக்குள்ளை நல்லாக் கதைக்கிறீர்" என்றார்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டிருக்கிறாள் என்று தெரியும். பாரிஸில் இருக்கிற அவள் தங்கை போன் எடுத்து அழுதது எனக்குக் கேட்டது. இவள் ஓம், ஓம் என்றுமட்டும் சொன்னாள். மீன் வெட்டினாள். கூட்டினாள். பின்னேரம் கோயிலில் தவக்கால ஒப்பாரியான பசாம் பாடப் போனாள். எனக்குச் சோறு போட்டாள். நாள்கள் அப்படியே போயின. பெரிய கிழமை கிட்ட வந்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமல் நான் கடலுக்குப் போனேன், வந்தேன். வலையில் என்ன பட்டது என்று நினைவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் குசினிக் கதவில் நின்றாள்.

"அது எவ்வளவு பெரிசு?"

"எது?"

"உங்கட்டைக் கிடந்த பனங்கட்டி."

நான் பெருவிரலைக் காட்டினேன். அவள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவள் போனாள். அவளோடு நாலைந்து பெண்கள் போனார்கள். டொக்டர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாராம். இவளைச் சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்றுதான் முதல் சொன்னாராம். கேட்கமாட்டாள் என்று தெரிந்த பிறகு, அன்று விடியக் குளிசை வேண்டாம், பின்னேரம் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அவள் இல்லை, மிஸ்.

"இனிப்புத் தண்ணி கொண்டு போவாவோ?" என்று கேட்டேன்.

"சிரிச்சவ அண்ணை. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

பெரிய வெள்ளி வந்தது. பெரிய வியாழனோடு கோயில் மணி நின்றுவிடும். மரத்தட்டைதான் அடிப்பார்கள். அந்த ஓசை காய்ந்த நிலத்தில் நடந்து வருவது போல வரும். கரையில் படகெல்லாம் ஏறிக் கிடந்தன. வானமும் கடலும் ஒன்றாய்க் கிடந்தன. நாய்கூடக் குலைக்கவில்லை.

மனைவி விடிய எழும்பினாள். சிலுவை போட்டாள். குளிசைப் போத்தலைத் தொடவில்லை. அதை நான் பாயில் கிடந்து பார்த்தேன். பிறகு அலுமாரியைத் திறந்து மாதாப் போத்தலை எடுத்தாள்.

அந்தப் போத்தல் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிரான்ஸில் இருந்து வருகிறவர்கள் லூர்து மாதா கோயில் தீர்த்தத்தை அதில் கொண்டுவருவார்கள். மாதாவின் உருவத்திலேயே போத்தல். தலையில் சூடிய நீல முடிதான் மூடி. தீர்த்தம் முடிந்தாலும் எறிய மனம் வராது. அலுமாரிக்குள் வெறும் மாதா நிற்பார்.

தீர்த்தம் கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். வேறு போத்தல் ஒன்றும் கையில் இல்லை. சட்டைப் பைக்குள் ஒரு கடதாசிச் சரையில் சீனி வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஆசந்தி வெளிக்கிட்டது. இந்த முறை நான் முன்னுக்குப் போகவில்லை. பெண்களுக்குப் பின்னால் நடந்தேன். வெக்கையில் பாதை நடுங்கியது. முன்னால் போகிறவர்களின் கால்கள் தெரியவில்லை. வெள்ளை உடுப்பெல்லாம் மிதந்து போயின. ஆசந்தி ஒரு படகு போலப் போனது. பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. நான் அவள் கையை மட்டும் பார்த்தேன்.

வளைவில் அவள் நடை குறைந்தது. அதே மதில். கழுத்தில் வேர்வை ஓடியது. மதிலில் கை வைத்தாள். என் கை பைக்குள் போனது.

அவள் மதிலடியில் குந்தினாள். போத்தலை எடுத்தாள். மாதாவின் நீல முடியைத் திருகினாள். கை நடுங்கியதால் முடி உடனே வரவில்லை. வந்தது. குடித்தாள். நிறுத்தி, இன்னும் குடித்தாள். வாயோரம் ஒரு துளி வழிந்தது. அது பனங்கட்டி நிறத்தில் இருந்தது.

பெண்கள் கூடினார்கள்.

"தீர்த்தமோ அக்கா?"

"ஓம்."

பக்கத்தில் நின்ற பெண்ணும் குளிசைக்காரிதான். அவள் முகமும் சரியில்லை. மனைவி போத்தலை நீட்டினாள். அந்தப் பெண் சிலுவை போட்டுக் குடித்தாள். கண்ணை விரித்து மனைவியைப் பார்த்தாள்.

"இது எந்த ஊர் மாதாவின்ர தீர்த்தம் அக்கா? இனிக்குது."

"எங்கட ஊர் மாதாதான். கதையாமல் குடியும்."

பின்னுக்கு யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரிய வெள்ளிக்குச் சிரிக்கக் கூடாது. அடங்காமல் பாட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

மனைவி மதிலோடு இருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். அவள் கண் என்னில் வந்து நின்றது. அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். பாரமாக இருந்தாள்.

நாங்கள் கடைசியாக நடந்தோம். ஆசந்தி கோயிலுக்குள் இறங்கியதை இருவரும் வாசலில் நின்று பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாள். குளிசை எடுத்தாள். போத்தலைக் கழுவி, மாதாவைக் கவிழ்த்துக் காய வைத்தாள்.

"நேர்த்தி?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்க வந்தது.

அவள் என்னைப் பார்க்காமல் அடுப்படியைத் துடைத்தாள்.

"அதுக்கு ஒரு குறையுமில்லை. நீங்கள் அங்க நக்கினது எவ்வளவோ, அவ்வளவுதான் கரைச்சனான்."

பெருவிரலைக் காட்டினாள்.